மேற்கல்வி வாய்ப்புக் கடிதங்களை நிறுத்துப் பார்த்தல்: பேராக் தோட்டப்புறக் குடும்பத்து மாணவரை முன்வைத்துச் சில கருத்துகள்

முன்னுரை

ஆண்டுதோறும் மார்ச்சு தொடங்கி ஆகஸ்டு முடிய, பட்டக்கல்வியை முடித்த மாணவர் சிலர் இரண்டு அல்லது மூன்று கடிதங்களுடன் நம் அறைக்கு வருவதுண்டு. இவர்களுள் கணிசமானோர் ஈப்போ, சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரங்களைச் சேர்ந்தோர். பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர். அத்தோட்டங்களுள் பல இன்று செம்பனைக் காடுகளாகவோ வீடமைப்புப் பகுதிகளாகவோ மாறிவிட்டன. லயன் வீடுகளில் வாழ்ந்தோர் நகரோரக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். இம்மாணவர் கடிதங்களை மேசைமீது விரித்துக் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: "இவற்றுள் எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது?"

இவ்வினாவிற்கு விடை கூறுதல் எளிது. ஆயின் முதலில் கேட்க வேண்டிய வினா அதுவன்று. கடிதத்தில் குறிக்கப்பட்டுள்ள பணம் எத்தனை மாதங்களுக்கு எழுதப்பட்டுள்ளது, அதனை எழுதியவர் யார், அது நின்றுபோகும் நாளில் அச்சுமை யார் தலையில் விழும் என்பனவே முன்னர்க் கேட்கப்பட வேண்டியவை. சேமிப்பும் வீடும் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு உதவித்தொகை இடையில் நிற்பது ஓர் இடையூறு. தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பத்திற்கோ அது ஈடுசெய்ய இயலாத இழப்பு. ஒரே கடிதம் இருவேறு வீடுகளில் இருவேறு எடையுடையதாகிறது. உதவித்தொகை உறுதியற்றிருக்கும் இக்காலச் சூழலில் இவ்வெடையை எவ்வாறு கணிப்பது என்பதனை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கடிதத்தின் மொழி

பல்கலைக்கழகம் அனுப்பும் கடிதத்தில் இரண்டு வாக்குறுதிகள் அடங்கியுள்ளன. ஒன்று, இடம் தருவோம் என்பது. மற்றொன்று, பணம் தருவோம் என்பது. மாணவர் பலர் முதலாவதனைப் படித்த மகிழ்ச்சியில் இரண்டாவதனையும் படித்துவிட்டதாகக் கருதிக்கொள்கின்றனர். இடம் உறுதியாகவும் பணம் ஐயத்திற்குரியதாகவும் இருத்தல் மிக இயல்பான நிலையாகும்.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படும். 'புதுப்பிக்கப்படும்' என்பது வேறு. 'புதுப்பிக்கப்படலாம்' என்பது வேறு. 'செய்யலாம்' என்னும் வடிவம் 'செய்யல்' என்னும் தொழிற்பெயருடன் 'ஆம்' சேர்ந்து அமைந்தது. அது இசைவையும் இயல்தன்மையையும் சுட்டுமேயன்றி உறுதியைச் சுட்டாது. ஆங்கிலக் கடிதங்களிலும் இத்தகைய இணைச்சொற்கள் உண்டு. உள்நாட்டு மலாய்க் கடிதங்களில் 'தெர்தாக்லுக் கெபாடா பெருந்துக்கான்', அதாவது நிதி ஒதுக்கீட்டிற்கு உட்பட்டது, என்னும் தொடர் ஏதேனும் ஒரு மூலையில் இருக்கும். மாணவர் அதனை அலுவலக வழக்காகக் கொண்டு கடந்துவிடுவர். கடிதம் முழுவதிலும் அத்தொடரே மிகுந்த பொருளுடையது என்பது நம் கருத்து.

இதனை நாம் கற்றுக்கொண்டது நூல்களிலிருந்தன்று. 2008ஆம் ஆண்டில் முனைவர் பட்ட ஆய்விற்கென நமக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. பெயர்பெற்ற ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று முதலாண்டுக் கட்டண விலக்கும் படித்தொகையும் தந்து, பின்னைய ஆண்டுகளுக்கு அவை 'புதுப்பிக்கப்படலாம்' என எழுதியிருந்தது. அத்துணைப் பெயரில்லாத மற்றொரு பல்கலைக்கழகம், குறைந்த தொகையாயினும், மூன்றாண்டுகளுக்கும் உறுதி கூறியிருந்தது. நாம் முதலாவதனைத் தேர்ந்தோம். அப்போது நம்மிடம் எவரும் எதுவும் கூறவில்லை. கூறியிருப்பினும் கேட்டிருப்போம் என்பதற்கில்லை. பதினான்காம் மாதத்தில் இரண்டு வரிகளில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒதுக்கீடு இல்லை என்பதே அதன் சாரம். சுங்கை சிப்புட்டில் நம் தந்தையார் வீட்டுக் கூரையை மாற்றுவதற்கென வைத்திருந்த ஊழியர் சேமநிதிப் பணமும் அன்னையாரின் சங்கிலியும் அவ்வாண்டு பவுண்டாக மாறின. பட்டம் கிடைத்தது, ஆறாம் ஆண்டில். கூரை மாற்றப்படுவதற்கு மேலும் நான்கு ஆண்டுகள் சென்றன.

பணத்தின் ஊற்றுக்கண்

எத்தொகையும் எங்கிருந்தோ வருகிறது. அவ்வூற்றின் தன்மையை அறியாது தொகையின் பெருமையை மட்டும் நோக்குதல் தவறாகும்.

நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர்க்குக் கிடைக்கும் படித்தொகையிற் பெரும்பகுதி, மேற்பார்வையாளர் பெற்றுள்ள ஆய்வு மானியத்திலிருந்து வருவதாகும். உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத் திட்டம் இவ்வகையில் நன்கறியப்பட்டது. இத்தகைய மானியங்கள் பெரும்பாலும் இரண்டு, மிகுந்தால் மூன்று ஆண்டுகளுக்கு உரியவை. முனைவர் பட்ட ஆய்வோ மூன்றாண்டில் முடிவது அரிது. நான்கு, ஐந்து என நீளுதலே நடைமுறை. மேலும் மாணவர் சேரும் நாளும் மானியம் தொடங்கிய நாளும் ஒன்றாக இருப்பதில்லை. மானியம் தொடங்கி ஓராண்டு கழிந்தபின் சேரும் மாணவர், எஞ்சிய காலத்திற்கே படித்தொகை பெறுவார். ஆதலின் 'ஆய்வு உதவியாளராக எடுத்துக்கொள்கிறேன்' என மேற்பார்வையாளர் அன்புடன் கூறும்போது, அம்மானியம் முடிவுறும் மாதம் எது என வினவுதல் வேண்டும். நாமும் மேற்பார்வையாளரே ஆதலின் கூறுகிறோம்: இவ்வினாவால் எவரும் சினங்கொள்ளப் போவதில்லை. சினங்கொள்வாராயின், அதுவும் அறியத்தக்க செய்தியே.

அரசு உதவித்தொகை உறுதியானது என்பது நம் பெற்றோரிடையே வேரூன்றிய நம்பிக்கை. வழங்கப்பட்டபின் அது பெரும்பாலும் உறுதியானதே. ஆயின் திட்டமே நிலையாக இருக்கும் என்பதற்கில்லை. முனைவர் பட்டம் பெற்றோர் எண்ணிக்கையை 60,000 ஆக உயர்த்தும் நோக்குடன் தொடங்கப்பட்ட 'மைபிரைன்15' திட்டத்தில் சில ஆண்டுகளிலேயே புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது மீண்டும் உயிர்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் பட்டம் முடித்தவர்கள், தம் மூத்தோர் பெற்றதைத் தாமும் பெறுவோம் எனக் காத்திருந்து ஏமாந்தனர். 'அக்காவுக்குக் கிடைத்தது, எனக்கும் கிடைக்கும்' என்னும் கணக்கு ஆபத்தானது.

அரசு ஒப்பந்தங்களில் மற்றொரு கூறும் உண்டு. குறித்த காலத்தில் படிப்பை முடிக்காதோரும் பணிக்கடப்பாட்டை நிறைவேற்றாதோரும் தொகையைத் திருப்பிச் செலுத்துதல் வேண்டும். அதற்கு இரு பிணையாளர் கையெழுத்திடுதல் வழக்கம். நிலையான வருமானமுடைய இரு பிணையாளரைக் கண்டுபிடித்தல் நகரத்துக் குடும்பங்களுக்கு ஒரு மாலைநேர வேலை. தோட்டப்புறத்துச் சுற்றத்தில் அத்தகையோர் ஒருவரோ இருவரோதான். அவர்களும் முன்னரே வேறு பிள்ளைக்குக் கையெழுத்திட்டிருப்பர்.

வெளிநாடுகளின் நிலையும் அண்மையில் மாறியுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பட்டமேற்படிப்புக் கல்விக்கூடங்கள் பல, நிதியுதவியுடன் கூடிய வாய்ப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் விடையளிக்குமாறு மாணவரை வற்புறுத்துவதில்லை எனத் தமக்குள் உடன்பட்டுள்ளன. அந்நாள் வரையிலேனும் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது மாணவர்க்குப் பெரும் பாதுகாப்பு. ஆனால் 2025ஆம் ஆண்டில் கூட்டரசின் ஆய்வு நிதிக் குறைப்பு அறிவிக்கப்பட்டபின், மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்விக்கூடம் தான் வழங்கியிருந்த முனைவர் பட்ட இடங்களை மார்ச்சு மாதத்தில் திரும்பப் பெற்றது. கையொப்பமிட்ட கடிதமும் திரும்பிச் செல்லக்கூடும் என்பது அவ்வாண்டு வெளிப்பட்டது. மலேசியாவிலும் பிரிட்டனிலும் அனைவர்க்கும் பொதுவான ஏப்ரல் 15 என ஒன்றில்லை. ஆதலின் நம் மாணவர் தாமே எழுதிக் காலநீட்டிப்புக் கேட்டுப் பெற வேண்டியவராகின்றனர். இரண்டு வாரம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

தமிழியலை ஆய்வுத் துறையாகத் தேர்வோர் இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். படித்தொகை மட்டுமன்றித் துறையே நிலைத்திருக்குமா என்பதே அது. செருமனியின் கோல்ன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் நடைபெற்ற தமிழ்க்கல்வி, நிதியின்மையால் மூடப்படும் நிலையை எய்தியபோது, 2021இல் தமிழ்நாட்டு அரசு ஒன்றேகால் கோடி ரூபாய் வழங்க முன்வந்தது. மேற்பார்வையாளர் ஓய்வுபெறும் ஆண்டு எது, அவருக்குப்பின் அவ்விடம் நிரப்பப்படுமா என்பன நாணயத்தைப் போலவே எண்ணிப் பார்க்க வேண்டியவை.

நம் துறையின் பிறப்பும் இத்தகைய நிலையில்தான் நிகழ்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய காலத்தில், 1956இல், இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. அதில் தமிழ் இடம்பெறவும் தமிழ் நூல்கள் வாங்கப்படவும் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி எனக் கேட்கப்பட்டது, தொழிலாளர் தந்தனர். அன்றாடக் கூலி பெற்ற மக்களுக்கு ஒரு வெள்ளி சிறிதன்று.

எழுதப்படாத செலவுகள்

'முழு நிதியுதவி' என்னும் சொற்றொடர் மயக்கம் தருவது. பிரிட்டனின் ஆய்வு மன்றங்கள் 2025–26ஆம் கல்வியாண்டில் முனைவர் பட்ட மாணவர்க்கு ஆண்டுக்குக் குறைந்தது 20,780 பவுண்டு படித்தொகை வரையறுத்துள்ளன. கட்டணத்திற்கென அவை தருவது உள்நாட்டு மாணவர்க்குரிய அளவான 5,006 பவுண்டு. வெளிநாட்டு மாணவர்க்கான கட்டணம் இதனைப்போல் மூன்று, நான்கு மடங்காக இருக்கும். இடைவெளியைப் பல்கலைக்கழகம் ஏற்குமா, மாணவர் ஏற்க வேண்டுமா என்பது கடிதத்திற் கூறப்பட்டிருத்தல் வேண்டும். கூறப்படாவிடின் கேட்டறிதல் வேண்டும்.

இவற்றோடு, நுழைவிசைவு பெறும்போதே முன்பணமாகச் செலுத்த வேண்டிய நலச்சேவைக் கட்டணம் மாணவர்க்கு ஆண்டிற்கு 776 பவுண்டு. நான்காண்டிற்கு 3,104 பவுண்டு. இன்றைய மதிப்பில் ஏறத்தாழப் பதினாறு, பதினேழாயிரம் ரிங்கிட். முதற் படித்தொகை கைக்கு வருமுன்னரே இது கட்டப்பட வேண்டும். வானூர்திச் சீட்டு, அறை முன்பணம், குளிருடை யாவும் இதற்கு மேல். இப்பணம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் பெற்றோரின் ஊழியர் சேமநிதியிலிருந்துதான். பிள்ளைகளின் கல்விக்கென இரண்டாம் கணக்கிலிருந்து, அதாவது 2024 முதல் 'அக்காவுன் செஜாத்ரா' எனப்படுவதிலிருந்து, பணம் எடுக்க விதி இடமளிக்கிறது. விதி இடமளிப்பதனாலேயே அது தக்க செயலாகிவிடாது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்தோரின் சேமநிதி சிறியது. அதனை ஈட்டுவதற்கு இன்னொரு வாழ்நாள் இல்லை. இரண்டாமாண்டுத் தொகை எழுத்தில் உறுதியாகும்வரை அதனைத் தொடலாகாது என்பது நம் துணிபு. இதில் நம்முடன் மாறுபடும் சக விரிவுரையாளர் உண்டு. வாய்ப்பு மறுமுறை கதவைத் தட்டாது என்பார்கள். அவர்களின் தந்தையார் எவரும் பால்மரம் வெட்டியவரல்லர் என்பதனையும் இங்குக் குறிப்பிட வேண்டியுள்ளது.

நாணய மாற்றும் ஒரு செலவே. ரிங்கிட்டில் பெறும் உதவித்தொகையைக் கொண்டு வேற்று நாட்டில் வாழ்வோர் இதனை நன்கறிவர். 1997 நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டரை ரிங்கிட் அளவில் இருந்த மதிப்பு, 1998 சனவரியில் 4.88 வரை வீழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் 3.80 என நிலைநிறுத்தப்பட்டது. அன்று அயல்நாட்டிற் பயின்றோரின் உதவித்தொகை, கடிதத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே, பாதியளவாகச் சுருங்கியது. 2014ஆம் ஆண்டிற்குப் பின்னும் இத்தகைய வீழ்ச்சி நிகழ்ந்தது. படிக்கும் நாட்டின் நாணயத்திலேயே வழங்கப்படும் தொகை, சற்றுக் குறைவாயினும், மேலானது.

இதற்கு மாறாக, அருகிலிருக்கும் வாய்ப்புகள் ஏனோ இழிவாகக் கருதப்படுகின்றன. தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் பேராக்கிலேயே உள்ளது. ஈப்போவிலிருந்து மின்தொடர்வண்டியில் செல்லலாம். அறிவியல், பொறியியல் பயின்றோர்க்குச் செரி இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆய்வு மாணவர்க்குப் படித்தொகைத் திட்டம் நடத்துகிறது. வார இறுதியில் வீட்டிற்கு வந்து செல்ல இயலும் தொலைவும் ஒருவகை உதவித்தொகையே.

இராமானுசனின் ஐம்பது பவுண்டு

தமிழர் வரலாற்றில் இத்தகைய கடிதத்தைப் பெற்றோருள் முதன்மையானவர் கணித மேதை சீனிவாச இராமானுசன். அவர் வரலாற்றை மேதைமைக்குச் சான்றாகவே படிக்கிறோம். உதவித்தொகை வரலாறாகவும் அதனைப் படிக்கலாம். கும்பகோணம் அரசு கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை, கணிதம் தவிர்ந்த பாடங்களிற் கவனம் செலுத்தாமையால், 1905இல் இழந்தார். பின்னர்ச் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் வீதம் ஈராண்டிற்கு ஆய்வு உதவித்தொகை வழங்கியது.

கேம்பிரிட்சிலிருந்து ஆர்டி அழைத்தபோது, அழைப்புடன் பணம் வரவில்லை. அதனை ஏற்பாடு செய்தவருள் முக்கியமானவர் அப்போது சென்னைக்கு வந்திருந்த நெவில் என்னும் மற்றொரு கேம்பிரிட்சுக் கணிதவியலார். ஆண்டிற்கு 250 பவுண்டு வீதம் ஈராண்டிற்குச் சென்னைப் பல்கலைக்கழகம் இசைந்தது. டிரினிட்டிக் கல்லூரி 60 பவுண்டு சேர்த்தது. நாம் சுட்ட விரும்புவது இதன்பின் வரும் செய்தியை: அந்த 250 பவுண்டில் 50 பவுண்டு ஊரிலிருந்த குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்டது. அவர் கப்பலேறியது 1914 மார்ச்சு 17இல். அதற்கு முன்பே பயணம், வாழ்க்கைச் செலவு, குடும்பப் பங்கு மூன்றும் உறுதியாகியிருந்தன.

நூறாண்டிற்குப் பின்னரும் நம் மாணவர் வரவு செலவுத் திட்டத்தில் இந்த ஐம்பது பவுண்டிற்கு இடம் இருப்பதில்லை. பட்டம் முடித்தபின் வேலைக்குச் சென்றிருந்தால் வீட்டிற்குத் தந்திருக்கக்கூடிய தொகை, தம்பியின் கல்விக் கட்டணம், தாயின் மருந்துச் செலவு ஆகியவை கணக்கிற் சேர வேண்டியவை. சேர்க்காவிடில் அவை மறைந்துவிடுவதில்லை. மூன்றாம் மாதத்தில் தொலைபேசி வழியே வந்து சேரும்.

வினவும் கடமை

இவ்வளவும் அறிந்தபின்னும் மாணவர் வினவுவதில்லை. இதுவே நம்மை மிகவும் வருத்துவது. பணத்தைப் பற்றிக் கேட்டால் பேராசிரியர் தவறாக எண்ணுவார், தந்த இடத்தையும் எடுத்துக்கொள்வார் என அஞ்சுகின்றனர். இவ்வச்சம் தோட்ட அலுவலக வாயிலிலிருந்து வந்தது என்பது நம் எண்ணம். கிராணியார் நீட்டிய தாளில் எழுதியிருப்பது யாதெனக் கேட்காமல் பெருவிரல் பதித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பல்கலைக்கழகக் கடிதம் அத்தாளைப் போன்றதன்று. அது ஓர் உடன்படிக்கையின் ஒருபக்கம். மறுபக்கத்தை எழுதுவதற்கு மாணவர்க்கு உரிமையுண்டு.

எழுதுவது நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. வாய்ப்பிற்கு நன்றி கூறி, இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளுக்குப் படித்தொகை எவ்வூற்றிலிருந்து வரும், அதனைப் புதுப்பிப்பதற்கான நிபந்தனை யாது, இதற்கு முன் பயின்ற மாணவர்க்கு அது புதுப்பிக்கப்பட்டுள்ளதா, மானியம் முடிந்தபின் பயிற்றுப்பணியேனும் கிடைக்குமா என நான்கு வாக்கியங்களிற் கேட்கலாம். விடை மின்னஞ்சலில் வருதல் நன்று; தொலைபேசியில் கூறப்பட்டது நினைவில் மட்டுமே இருக்கும். உறுதி கிடைக்காவிடில் ஓராண்டு ஒத்திவைக்க இயலுமா என்றும் கேட்கலாம். ஈப்போவில் ஓராண்டு வேலை செய்து சேர்க்கும் பணம், வானூர்திச் சீட்டுக்கும் முன்பணத்திற்கும் ஆகும்.

அண்மையில் சுங்கை சிப்புட்டிலிருந்து மாணவி ஒருவர் தம் தந்தையாருடன் நம்மைக் காண வந்தார். ஒரு கடிதம் வெளிநாட்டினது. ஓராண்டுத் தொகை, 'புதுப்பிக்கப்படலாம்'. மற்றொன்று உள்நாட்டினது; மூன்றாண்டுத் தொகை, பணிக்கடப்பாடு, பிணையாளர் இருவர். மகள் தரவரிசைப் பட்டியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நெடுநேரம் வாளாவிருந்த தந்தையார், "மழ பேஞ்சா யாரும்மா காசு குடுப்பா?" என்றார். மழைநாளில் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் அன்றைய கூலியும் இல்லை. முப்பது ஆண்டுகள் வானத்தைப் பார்த்துக் கணக்கிட்டவர் கேட்ட கேள்வி அது. நாம் மேற்கூறிய நான்கு வாக்கியங்களை அன்றே நம் அறையிலிருந்து எழுதி அனுப்பினோம்.

ஒன்பதாம் நாள் விடை வந்தது. முதலாண்டிற்கு அப்பால் எதுவும் கூற இயலாது என்று பண்புடன் எழுதியிருந்தனர். அவர் உள்நாட்டுக் கடிதத்தில் கையொப்பமிட்டார். பிணையாளருள் ஒருவராக, பள்ளி ஆசிரியராக இருக்கும் அவர்தம் மாமா ஒப்பியுள்ளார். இரண்டாமவரைத் தேடிக்கொண்டிருக்கின்றனர்.